பயிற்சியாளரின் தொடர்புகள் உங்கள் பிள்ளைக்கு எப்படிப் பயன்படும்: கடலூர், புதுச்சேரி பேஸ்பால் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

"மிஸ், மேல உங்களுக்கு ஆள் தெரியுமா?"

பிள்ளையை பேஸ்பாலில் சேர்க்க வரும் பெற்றோர், கிளவ் என்ன விலை என்று கேட்ட கையோடு இதையும் கேட்டுவிடுவார்கள். தெரியும். கடலூரில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். சாயங்காலம் மஞ்சக்குப்பம் மைதானத்தில் பயிற்சி கொடுக்கிறேன். கல்லூரி நாளில் சாஃப்ட்பால் ஆடியவள். என்னோடு ஆடியவர்களில் பலர் இன்றைக்கு ஏதாவது ஒரு பள்ளியிலோ கல்லூரியிலோ விசிலோடு நிற்கிறார்கள். போன் போட்டால் எடுப்பார்கள். ஆனால் எடுத்த பிறகு உங்கள் பிள்ளையைப் பற்றி நான் என்ன சொல்ல முடியும்? காரியம் அங்கேதான் இருக்கிறது. அதில் பெரும் பங்கு உங்கள் கையிலும் பிள்ளையின் கையிலும் இருக்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

அந்த போனில் என்ன பேசுகிறோம்

பிளஸ் டூ ரிசல்ட் வருகிற மே மாதத்தில்தான் எனக்கு அழைப்புகள் அதிகம். கல்லூரி உடற்கல்வி இயக்குநர்கள் தங்கள் அணியில் யார் படிப்பை முடித்துப் போகிறார்கள், எந்த இடம் காலியாகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு கூப்பிடுவார்கள். "நல்ல பிளேயர் இருக்காங்களா?" என்று யாரும் கேட்பதில்லை. "கேட்சர் இருக்காங்களா? இடது கை பிட்சர் இருக்காங்களா?" என்பதுதான் கேள்வி. (அடிப்பவரை நோக்கிப் பந்தை எறிபவர் பிட்சர், அடிப்பவருக்குப் பின்னால் குந்தி அதைப் பிடிப்பவர் கேட்சர்.) இருக்கிறான் என்று சொன்னால் அடுத்தடுத்து வரும். எல்லாப் பாடமும் பாஸா? ஹாஸ்டலில் தாக்குப்பிடிப்பானா? தோள்பட்டை வலி ஏதாவது உண்டா? ஆட்டத்தில் இறக்காமல் பெஞ்சில் உட்கார வைத்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வானா? வீட்டில் வெளியூர் அனுப்புவார்களா?

பாருங்கள், இதில் பாதிக் கேள்வி ஆட்டத்தைப் பற்றியதே இல்லை. எத்தனை ரன் அடித்தான் என்று என்னிடம் யாருமே கேட்டதில்லை. அதை அவர்கள் டிரயல்ஸில் கண்ணால் பார்த்துக்கொள்வார்கள். கண்ணால் பார்க்க முடியாததைத்தான் என்னிடம் கேட்கிறார்கள். நான் ஒன்று சொல்லி, பையன் அங்கே போய் வேறு மாதிரி இருந்தால் அடுத்த வருஷம் என் பேச்சு எடுபடாது. அடுத்த வருஷம் என்னிடம் ஆடுகிற பிள்ளைகளுக்குத்தான் அந்த நஷ்டம். அதனால் இல்லாததை நான் சொல்லவே மாட்டேன். நல்ல பயிற்சியாளர் யாரும் சொல்ல மாட்டார்கள். "எங்க பையனைப் பத்தி ஒரு வார்த்தை நல்லா சொல்லுங்க மிஸ்" என்று கேட்பதைவிட, நல்லதைச் சொல்வதற்கு எனக்கு விஷயம் கொடுங்கள்.

வேண்டியவர் மூலம் வருகிற வாய்ப்பு தவறானது என்று நான் நினைக்கவில்லை. அமெரிக்கப் பெரிய லீக்கில் (மேஜர் லீக்) கேட்சராக இருந்த மைக் பியாசாவை, அணிகள் முறை வைத்துப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 1988 டிராஃப்டில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி 62ஆவது சுற்றில் எடுத்தது. 1,390ஆவது ஆளாக. அந்த அணியின் மேலாளர் டாமி லசோர்டா, பியாசாவின் அப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே சிநேகிதர். அவர் கேட்டுக்கொண்டதால்தான் எடுத்தார்கள். முதல் பேஸில் ஆடிக்கொண்டிருந்த பையனை கேட்சராக மாறச் சொன்னவரும் லசோர்டாதான். பியாசா டொமினிகன் குடியரசில் இருந்த டாட்ஜர்ஸ் பயிற்சி மையத்துக்குப் போய், மொழி தெரியாத இடத்தில் தங்கி, கேட்சர் வேலையைப் புதிதாகக் கற்றார். 1993இல் தேசிய லீக்கின் சிறந்த புதுமுகம் ஆனார். மொத்தம் 427 ஹோம் ரன். 2016இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். சிநேகிதரால் கிடைத்தது 62ஆவது சுற்றில் ஓர் இடமும், எந்த இடத்தில் ஆடினால் முன்னுக்கு வரலாம் என்ற யோசனையும். நம் ஊரிலும் பயிற்சியாளரின் தொடர்பு இந்த இரண்டைத்தான் தரும். இரண்டாவதைப் பெற்றோர் கவனிப்பதே இல்லை.

எந்த இடத்தில் ஆடுவது என்று பயிற்சியாளரைக் கேளுங்கள்

எல்லாப் பிள்ளைக்கும் பிட்சர் ஆக வேண்டும் அல்லது இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே இருக்கும் ஷார்ட் ஸ்டாப்பில் நிற்க வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் அந்த இடங்களுக்குத்தான் அடிதடி. கேட்சருக்குப் பயிற்சியாளர்கள் தேடி அலைகிறார்கள். கவசத்தை மாட்டிக்கொண்டு வெயிலில் குந்தி உட்கார யாரும் முன்வருவதில்லை. மற்ற பயிற்சியாளர்களோடு பேசிக்கொண்டே இருக்கிறவருக்கு எந்த அணியில் எந்த இடம் காலியாகப் போகிறது என்று ஒரு வருஷம் முன்னாலேயே தெரியும். எட்டாவது, ஒன்பதாவது படிக்கும்போதே போய், "இவனுக்கு எந்த இடம் பொருந்தும்? ரெண்டாவதா எதைப் பழகலாம்?" என்று கேட்டுவிடுங்கள். இரண்டு இடத்தில் நிற்கத் தெரிந்த பிள்ளையை வெளியூர்ப் போட்டிக்கு அழைத்துப் போவது எங்களுக்கும் வசதி.

பயிற்சியாளரிடம் கொடுக்க வேண்டியவை

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு பெண் பிள்ளை என்னிடம் ஆடினாள். அம்மா மீன் விற்பவர். கேட்சர். அவளைப் பற்றி ஒரு கல்லூரி இயக்குநரிடம் "கை நல்லா இருக்கு சார்" என்று சொல்லியிருந்தால் "சரிம்மா, பாக்கலாம்" என்று வைத்திருப்பார். அதற்குப் பதில் ஒரு வீடியோ அனுப்பினேன். அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள், பந்து அவள் மிட்டில் (கேட்சரின் கிளவ்) விழுகிறது, எழுந்து இரண்டாவது பேஸுக்கு எறிகிறாள். இப்படி வரிசையாக ஐந்து எறி, நடுவில் எதையும் வெட்டவில்லை. மூன்றாவது எறி குறி தவறி பேஸுக்கு வலப்புறம் போனது. அதுவும் அப்படியே இருந்தது. பார்த்துவிட்டு உடனே கூப்பிட்டார். "நேரத்தை எங்கேர்ந்து எடுத்தீங்க? மிட்டில் சத்தம் கேட்டதிலேர்ந்தா, கை எழும்பினதிலேர்ந்தா?" மிட்டில் சத்தம் கேட்டதிலிருந்து, பேஸில் நிற்பவளின் கிளவில் பந்து சேரும் வரை, 2.4 வினாடி என்றேன். "அந்த மூணாவது த்ரோவுக்கு அப்புறம் காலை மாத்தி வெச்சாளே, நீங்க சொன்னீங்களா, அவளா செஞ்சாளா?" அவளாகத்தான் செய்தாள். நான் கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டிரயல்ஸுக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்.

அதனால் வீடியோவை இப்படி எடுங்கள். போனைப் படுக்கை வாக்கில் பிடியுங்கள். பாட்டு வேண்டாம், ஸ்லோ மோஷன் அலங்காரம் வேண்டாம். இரண்டு நிமிடம் போதும். நன்றாக வந்ததை மட்டும் வெட்டி ஒட்டினால், பார்ப்பவர் வெட்டிய இடத்தைத்தான் யோசிப்பார். கேட்சருக்கு நான் மேலே சொன்னது. ஹோமிலிருந்து இரண்டாவது பேஸ் 38.8 மீட்டர். பெரிய லீக் ஆண் கேட்சர்கள் ஏறக்குறைய 2 வினாடியில் பந்தை அங்கே சேர்க்கிறார்கள். அதோடு ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம், மூன்று மாதத்துக்கு முன்னால் உங்கள் நேரம் என்ன என்பதோடு ஒப்பிடுங்கள். ஓட்டத்துக்கு, அடித்த இடத்திலிருந்து முதல் பேஸ் வரை 27.43 மீட்டரை ஸ்டாப் வாட்சில் எடுங்கள்.

பிட்சருக்கு வேகம் கேட்பார்கள். வேகம் அளக்கும் ரேடார் கன் நம் மைதானங்களில் எங்கே இருக்கிறது? போனே போதும். பிட்சர் நிற்கும் பலகையிலிருந்து ஹோம் பிளேட் 18.44 மீட்டர். கால் நீட்டி எறிவதால் பந்து கையை விடும் இடம் இன்னும் முன்னால் இருக்கும், 17 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுத்து, பந்து விரலை விட்ட பிரேமிலிருந்து மிட்டில் சேரும் பிரேம் வரை எண்ணுங்கள். வினாடிக்கு 60 பிரேம் எடுக்கும் போனில் 36 பிரேம் வந்தால் 0.6 வினாடி. அது மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர். துல்லியமான கணக்கு இது ஆகாது. ஆனால் "வேகமா போடுவான் சார்" என்பதைவிட எவ்வளவோ மேல். எப்படி அளந்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். கேட்பவர் அதற்குத் தகுந்தபடி எடுத்துக்கொள்வார்.

அப்புறம் காகிதங்கள். இதில்தான் எத்தனையோ பிள்ளைகளின் காரியம் கெட்டிருக்கிறது. பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்றிதழ் மூன்றிலும் பெயரின் எழுத்து ஒன்றாக இருக்கிறதா? ஒன்றில் இன்ஷியல் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் அப்பா பெயர் முழுதாக. இன்னொன்றில் இங்கிலீஷில் ஓர் எழுத்து கூடுதல். விளையாட்டுச் சான்றிதழில் வீட்டில் கூப்பிடும் பெயரை எழுதி வாங்கி வந்த பிள்ளைகூட உண்டு. போட்டி நடக்கும் இடத்தில், ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, வயதுச் சரிபார்ப்பு மேசையில் இது வெடிக்கும்போது என் தொடர்பு ஒன்றும் செய்யாது. எட்டாவது படிக்கும்போதே சரி செய்து, எல்லாவற்றையும் ஒரே பி.டி.எஃப்பாக்கி பயிற்சியாளரிடம் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு "நாளைக்குள் விவரம் வேணும்" என்று செய்தி வரும். பிரதி என்னிடம் இருக்கிற பிள்ளையின் விவரம் அப்போதே போய்ச் சேரும்.

எந்தச் சான்றிதழ் செல்லும் என்பதை அவரிடம் கேளுங்கள்

பயிற்சியாளரின் தொடர்பால் கிடைக்கும் பெரிய லாபம் இது என்பேன். போட்டிகள் ஏகப்பட்டது நடக்கின்றன. "நேஷனல்" என்று பெரிதாக அச்சடித்த மெடலும் சான்றிதழும் பணம் கட்டினால் கிடைக்கிற போட்டிகளும் இருக்கின்றன. வேலைக்குப் போகும்போது அந்தக் காகிதம் செல்லாது என்று அப்போதுதான் தெரியும்.

மத்திய அரசு வேலைகளுக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் பேஸ்பால் ரொம்ப நாள் இல்லை. 2020 செப்டம்பரில் பட்டியலை 43 விளையாட்டிலிருந்து 63 ஆக உயர்த்தியபோதுதான் பேஸ்பாலைச் சேர்த்தார்கள். அதில் சான்றிதழுக்கு வரையறுத்த படிவங்கள் இருக்கின்றன. இந்தியாவுக்காக ஆடினால் படிவம் 1, தேசிய சம்மேளனத்தின் செயலாளர் கையெழுத்து. மாநிலத்துக்காக தேசியப் போட்டியில் ஆடினால் படிவம் 2, மாநிலச் சங்கச் செயலாளர். பல்கலைக்கழகத்துக்காக ஆடினால் படிவம் 3, அங்கே விளையாட்டுக்குப் பொறுப்பான இயக்குநர். தேசியப் பள்ளி விளையாட்டில் ஆடினால் படிவம் 4, மாநிலப் பள்ளிக் கல்வியில் விளையாட்டைப் பார்க்கும் அதிகாரி. தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கும், பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கும் விதிமுறை தனித்தனி. ஒவ்வொரு வருஷ அறிவிப்பிலும் பேஸ்பால் பெயர் இருக்கிறதா, எந்தப் போட்டிக்கு என்ன மதிப்பெண் என்று வரிவரியாகப் படியுங்கள்.

போன வருஷம் கொடுத்த சான்றிதழை எந்த அலுவலகம் ஏற்றுக்கொண்டது, எதைத் திருப்பி அனுப்பியது என்ற செய்தி பயிற்சியாளர்களுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். எந்தப் போட்டிக்கும் பணம் கட்டுவதற்கு முன்னால், "மிஸ், இதை நடத்துற சங்கம் அங்கீகாரம் உள்ளதா? இது எந்தப் படிவத்துக்கு ஆகும்?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் விசாரித்துச் சொல்லிவிடுவோம்.

கடலூரா, புதுச்சேரியா

நம் பக்கத்துக்கு மட்டுமே உள்ள விஷயம் இது. கடலூரிலிருந்து புதுச்சேரி 25 கிலோமீட்டருக்குள். முள்ளோடை தாண்டினால் வேறு அரசு. பாகூரில் வீடு, கடலூரில் பள்ளி என்று இருக்கிற பிள்ளைகள் என்னிடமே உண்டு. பள்ளி விளையாட்டில் படிக்கிற பள்ளி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான். தமிழ்நாட்டில் குறுவட்டம், மாவட்டம் என்று படிப்படியாக ஏறி 38 மாவட்டப் பிள்ளைகளோடு மோத வேண்டும். புதுச்சேரி தேசியப் பள்ளி விளையாட்டில் தனி அணி. அங்கே போட்டியிடும் பிள்ளைகள் குறைவு. சி.பி.எஸ்.இ பள்ளியாக இருந்தால் அந்த வாரியத்துக்கும் தனி அணி உண்டு என்பதால் வழி இன்னும் மாறும். சங்கப் போட்டிகளில் வசிப்பிடச் சான்று கேட்பார்கள்.

இதைக் கேட்டதும் சில பெற்றோர் உடனே பள்ளியை மாற்றக் கிளம்பிவிடுகிறார்கள். பொறுங்கள். ஒரு பக்கத்தில் ஆடிவிட்டு மறு பக்கம் போனால் அந்த வருஷம் ஆட விடுவார்களா என்று முதலில் கேட்க வேண்டும். இங்கேதான் இரண்டு பக்கமும் பேசிப் பழகிய பயிற்சியாளர் தேவை. உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தில் பயிற்சி கொடுப்பவர்களும் கடலூர் அண்ணா விளையாட்டரங்கத்தில் இருப்பவர்களும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள்தான். நட்பாட்டம் போட இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் போய் வருகிறார்கள். அந்த நட்பாட்டத்துக்கு ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் பிள்ளையை அனுப்புங்கள். மற்ற பயிற்சியாளர் உங்கள் பிள்ளையைப் பதற்றமில்லாமல், நிதானமாகப் பார்ப்பது அங்கேதான். டிரயல்ஸில் நூறு பேருக்கு நடுவே ஆளுக்குப் பத்துப் பந்துதான் கிடைக்கும்.

எப்படிக் கேட்பது

தொடர்பைப் பயன்படுத்தச் சொல்லி ஒரு பயிற்சியாளரைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். அது எங்கள் வேலையில் சேர்ந்ததுதான். ஆனால் ஆட்டம் முடிந்து மூட்டை கட்டும்போது பக்கத்தில் வந்து காதில் கேட்காதீர்கள். பிள்ளையே கேட்கட்டும், எழுத்தில் கேட்கட்டும். போன வருஷம் நான் ஒரு பையனுக்கு எழுதிக் கொடுத்த செய்தி கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

"வணக்கம் சார். கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் மிஸ்ஸிடம் பயிற்சி எடுக்கிறேன். பிளஸ் டூ வணிகவியல், இந்த ஆண்டு தேர்வு எழுதியிருக்கிறேன். இடது கை பிட்சர், முதல் பேஸிலும் நிற்பேன். மாநிலப் பள்ளி விளையாட்டில் ஆடியிருக்கிறேன். ஐந்து பந்து வீசும் வீடியோ இணைத்திருக்கிறேன். உங்கள் கல்லூரி டிரயல்ஸ் தேதி எப்போது, என்ன சான்றிதழ்கள் கொண்டுவர வேண்டும் என்று தெரிவித்தால் வருவேன் சார். மிஸ்ஸிடம் சொல்லிவிட்டுத்தான் அனுப்புகிறேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அதைப் பார்த்ததும் அந்த இயக்குநர் எனக்குத்தான் போன் செய்வார். எனக்குத் தெரியாமல் செய்தி போயிருந்தால், "இந்தப் பையன் உங்க பையனா?" என்று அவர் கேட்கும்போது நான் விழிப்பேன், பையன்மேல் அவருக்கு முதல் எண்ணமே சரியாக விழாது. ஒரே நேரத்தில் நான்கு பயிற்சியாளரிடம் சொல்லி வைத்து, நான்கு பேரும் ஒரே கல்லூரிக்குப் போன் போடுகிற நிலைமையும் வேண்டாம். ஒருவரை நம்பி ஒப்படையுங்கள். இரண்டு வாரத்தில் ஒன்றும் நடக்கவில்லையா, அவரிடமே சொல்லிவிட்டு அடுத்தவரைப் பாருங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இடம் கிடைத்ததும் இலவச சீட் என்றால் எது எது இலவசம் என்று எழுத்தில் வாங்குங்கள். கல்விக் கட்டணமா, ஹாஸ்டலா, சாப்பாடா, தேர்வுக் கட்டணமா? அடிபட்டு ஒரு வருஷம் ஆட முடியாமல் போனால் என்ன ஆகும்? இதைப் பெற்றோர் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். பயிற்சியாளரைக் கேட்கச் சொல்லுங்கள், நாங்கள் கேட்போம். வேண்டாம் என்று முடிவெடுத்தால் அன்றைக்கே போன் செய்து சொல்லிவிடுங்கள். அந்த இடத்துக்குக் காத்திருக்கும் இன்னொரு பிள்ளை இருக்கும்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. செலக்ஷனுக்கு என்று யாராவது தனியாகப் பணம் கேட்டால், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். போட்டி நுழைவுக் கட்டணம், ரயில் டிக்கெட், சீருடை இதெல்லாம் நியாயமான செலவு. இவற்றுக்கு ரசீதோ கணக்கோ இருக்கும். வட இந்தியாவில் ஒரு போட்டியில் "மாநில அணி" என்று பணம் வாங்கி அழைத்துப் போகப்பட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் திரும்பி வர டிக்கெட்கூட இல்லை. அங்கே வந்திருந்த மற்ற ஊர்ப் பயிற்சியாளர்கள் கூடிப் பேசி ஊர் சேர்த்தார்கள்.

வேறு விளையாட்டின் பயிற்சியாளரையும் விடாதீர்கள்

2008இல் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் இந்தியாவில் பந்து வீசும் போட்டி ஒன்று நடத்தினார்கள். ஜெயித்த ரிங்கு சிங்கும் அடுத்து வந்த தினேஷ் படேலும் உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்கள். பேஸ்பாலை அதற்கு முன் கையால் தொட்டதில்லை. ரிங்கு எறிந்தது மணிக்கு 87 மைல், அதாவது சுமார் 140 கிலோமீட்டர். லாஸ் ஏஞ்சலஸுக்கு அழைத்துப் போய் டாம் ஹவுஸ் என்பவரிடம் விட்டார்கள். பெரிய லீக்கில் பிட்சராக ஆடி, பிறகு டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணியில் நோலன் ரையன் போன்றவர்களுக்குப் பயிற்சியாளராக இருந்தவர் அவர். சில மாதப் பயிற்சிக்குப் பிறகு பல அணிகளின் ஆட்கள் வந்து பார்த்தார்கள். அந்த நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் இருவரையும் ஒப்பந்தம் செய்தது. இருவரும் பெரிய லீக் வரை போகவில்லை. ஆனாலும் ஊர் பேர் தெரியாத இரண்டு பையன்களைப் பார்க்க அத்தனை பேர் வந்ததற்கு, பயிற்சி கொடுத்தவர் யார் என்பது ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். என்னிடம் வந்த நல்ல கைகளில் பல தடகளப் பயிற்சியாளர்கள் அனுப்பியவை. கோ-கோ ஆடிய பிள்ளைக்குச் சறுக்கி பேஸைப் பிடிக்கச் சொல்லித் தரவே தேவையில்லை. பேஸ்பால் பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாவிட்டாலும் உங்கள் பள்ளி பி.டி. சாரிடமோ, நெய்வேலி பாரதி விளையாட்டரங்கில் ஓட்டம் பழகும்போது அங்கிருக்கும் தடகளப் பயிற்சியாளரிடமோ சொல்லி வையுங்கள். எங்கள் எல்லோருக்கும் ஒருவருக்கொருவர் எண் தெரியும்.

பெண் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கு

"கூட யார் போறாங்க?" என்று கேட்பது உங்கள் உரிமை. அணியோடு போகும் பெண் மேலாளரின் பெயரும் எண்ணும், தங்கும் இடத்தின் முகவரியும், போகவர ரயில் எண்ணும் கிளம்புவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். போகும் ஊரில் தெரிந்த ஆசிரியை யாராவது இருக்கிறாரா என்று நான் எப்போதும் விசாரித்து வைப்பேன். பள்ளிக்கூட வகுப்பறையில் தரையில் படுக்க வேண்டி வரும், கழிப்பறை எப்படி இருக்கும் என்பதெல்லாம் அவரிடம் கேட்டால் உள்ளது உள்ளபடி சொல்வார். என் தொடர்புகளில் நான் அதிகம் மதிப்பது இவர்களைத்தான். இவர்களால் வீட்டில் சம்மதம் கிடைத்து ஆட வந்த பெண்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்கக் கல்லூரிக் கனவு

சில பிள்ளைகள் கேட்கிறார்கள், அதனால் சுருக்கமாக. அங்கேயும் பயிற்சியாளர் பயிற்சியாளருக்குப் போன் செய்வதுதான் வழக்கம். அங்கே முதல் பிரிவு (டிவிஷன் 1) எனப்படும் மேல்மட்டக் கல்லூரி அணிக்கு நெடுங்காலம் 11.7 முழு உதவித்தொகைதான் வரம்பு, அதை 27 பேர் வரை பிரித்துக் கொடுத்தார்கள். 2025இலிருந்து விதி மாறி, பல கல்லூரிகளில் அணிக்கு 34 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே இடம் பத்தாது. இரண்டாண்டுக் கல்லூரிகளில் கதவு கொஞ்சம் அகலம். படிப்பும் இங்கிலீஷும் பலமாக இருந்து, அங்கே ஒரு பயிற்சியாளரே நேரில் உங்கள் ஆட்டத்தைப் பார்த்திருந்தால் முயற்சி செய்யலாம். ஏஜென்டிடம் பணம் கட்டி அல்ல. பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் மறுபடி வருகின்றன, மேஜர் லீக் பேஸ்பால் 2019இல் டெல்லியில் அலுவலகம் திறந்தது. வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள் வந்து நடத்தும் முகாம் எங்காவது அறிவித்தால் அதற்குப் போக நானே பெயர் கொடுப்பேன். அப்படி ஒரு முகாமில் பந்து பொறுக்கப் போனாலும் நல்லதுதான்.

பயிற்சியாளரே இல்லாத ஊரில் இருந்தால்

பண்ருட்டி, காட்டுமன்னார்கோவில் பக்கமிருந்து இதைப் படிப்பவர்களுக்கு. முதலில் கடலூர் அண்ணா விளையாட்டரங்கத்தில் மாவட்ட விளையாட்டு அலுவலரின் அலுவலகத்துக்குப் போய், பேஸ்பால், சாஃப்ட்பால் சொல்லித் தருபவர்கள் யார் என்று கேளுங்கள். சிதம்பரம் பக்கம் என்றால் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வித் துறை இருக்கிறது. அங்கே படிக்கிறவர்கள்தான் நாளைக்கு இந்த மாவட்டத்துப் பள்ளிகளில் ஆசிரியர்கள். அவர்களில் பேஸ்பால் ஆடுபவர் யார் என்று விசாரியுங்கள். புதுச்சேரிப் பக்கம் என்றால் உப்பளத்தில் காலையில் போய்ப் பாருங்கள்.

பத்து நாள் தொடர்ந்து போனால் யாராவது ஸ்கோர் எழுதக் கூப்பிடுவார்கள். எழுதுங்கள். ஸ்கோர் எழுதத் தெரிந்த பிள்ளையை எந்த ஊர்ப் போட்டிக்கும் கூட்டிப் போவார்கள், அங்கே எல்லாப் பயிற்சியாளரும் ஸ்கோர் மேசைக்கு வந்துதான் ஆக வேண்டும். பேசிப் பழகிவிடலாம். முதல் நாள் போகும்போதே ஷூ போட்டுக்கொண்டு, தண்ணீர் பாட்டிலோடு போங்கள். பேச்சை விட்டு, "சரி, முதல் பேஸ் வரைக்கும் ஓடு, பாக்கலாம்" என்று அன்றைக்கே சொல்லிவிடுவார்கள்.